ராஜகிரியில் காற்று நின்றது

செஞ்சிக்குப் போகலாம் என்று சொன்னது என் மகன்தான். நான் பெருமுக்கல் போதும் என்றேன். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியிலேயே இருக்கிறது, உச்சியில் கோயில் இருக்கிறது, காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அவன் கட்டிலில் உட்கார்ந்து வலது காலை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தான்.

"பெருமுக்கல் ஏறினா நீ ஒத்துக்க மாட்டப்பா. அது சின்ன மலை, மெட்ராஸ் வேறன்னு ஆரம்பிப்ப," என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்திருப்பேன். செஞ்சிக்கே போகலாம் என்றேன்.

எங்களுக்குள் ஒரு பந்தயம். செஞ்சியில் ராஜகிரிக் கோட்டையின் உச்சி வரைக்கும் அவன் யாரையும் பிடிக்காமல் ஏறி, யாரையும் பிடிக்காமல் இறங்கிவிட்டால், திங்கட்கிழமை அவனைச் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும். பாதியில் நின்றுபோன கல்லூரிப் படிப்பு, பழைய விடுதி, எல்லாம் பழையபடி. முடியவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் என் கண் முன்னால் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு வருடம் என்பது என் கணக்கு. அதில் எந்த நியாயமும் இல்லை என்று என் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். கால் நன்றாகக் கூடிவிட்டது, நடக்கலாம், படி ஏறலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இறங்கும்போதுதான் பாரம் முழுக்கக் காலில் விழும், அவசரப்படக் கூடாது என்று மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளிக்கு விடுமுறையில் வந்தவன், நண்பனைப் பார்க்கப் பைக்கில் போனான். அனுமந்தைப் பக்கம் கடற்கரைச் சாலையில் பின்னால் வந்த வேன் தட்டிவிட்டுப் போய்விட்டது. நான் வானூரில் ஆபீஸில் இருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் மீன் வண்டிக்காரர். நல்ல மனிதர், பதற்றப்படுத்தக் கூடாது என்று நினைத்து, "ஒண்ணும் இல்லைங்க, பையன் பேசறான்ங்க, காலுதான்," என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, பாண்டிச்சேரியில் உள்ளே கம்பி வைத்தார்கள். அன்றிலிருந்து போன் அடித்தாலே எனக்கு அவர் குரல்தான் கேட்கும். ரிங்டோனை மாற்றிப் பார்த்தேன். புது ரிங்டோனிலும் அவரே வந்து சேர்ந்துகொண்டார்.

உப்பு வாரும் காலத்தில் என் மனைவி ஒரு நாள் முழுக்க ஊரை விட்டு வருவது பெரிய விஷயம். அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து குத்தகைக்கு உப்பளம் வைத்திருக்கிறார்கள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். கல்யாணமான புதிதில், ஆபீஸ் உத்தியோகக்காரன் பெண்டாட்டி வெயிலில் நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, ஆபீஸ் உத்தியோகக்காரன் வேண்டுமானால் நிழலில் இருக்கட்டும் என்று சொன்னவள். அந்தச் சனிக்கிழமை விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய் ஆட்களுக்கு வேலை சொல்லிவிட்டு, அண்ணனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, கால்களைக் கழுவிக்கொண்டு நேராக பஸ் ஏறினாள்.

திண்டிவனத்தில் பஸ் மாறி செஞ்சிக்குப் போய், அங்கிருந்து திருவண்ணாமலை ரோட்டில் ஆட்டோவில் கோட்டைக்குப் போனோம். எங்கள் ஊரில் கண்ணுக்கு உயரமாகத் தெரிவது உப்பு அம்பாரமும் செல்போன் டவரும்தான். வயசுப் பிள்ளைகள் டவரில் ஏறுவார்கள், அதற்கு அடி விழும். இங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் யாரோ மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியதுபோல் பாறைகள். ஒன்றின் மேல் ஒன்று எப்படி நிற்கிறது என்றே தெரியாமல் நின்றன. வடக்கே கிருஷ்ணகிரி. மேற்கே ராஜகிரி. ராஜகிரியின் தலையில் ஒரு சின்னக் கட்டடம், தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதுவா என்று கேட்டேன். அதுதான் என்றான். ஏன் வந்தோம் என்றிருந்தது.

டிக்கெட் கொடுத்தவர், மூன்று மணிக்கு மேல் மலை ஏற விடமாட்டோம், சீக்கிரம் போய்விடுங்கள் என்றார். அவனுடைய நடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இப்படிப் பார்ப்பவர்களை அவனுக்குப் பிடிக்காது. காலைப் பற்றி வெளியாள் யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் பங்குத் தந்தை வரை எல்லாருக்கும் அதே பதில்தான்.

கீழே கல்யாண மகாலைச் சுற்றிப் பார்த்தோம். மாடி மேல் மாடியாக மெலிந்துகொண்டே போகும் கோபுரம், முன்னால் தண்ணீர் தேங்கிய தொட்டி. குதிரை லாயங்களும் நெற்களஞ்சியமும் பார்த்தோம். அவன் வேண்டுமென்றே நின்று நிதானமாகப் பார்க்கிறான் என்று தோன்றியது, காலைத் தயார் செய்கிறவன்போல. ஒரு குரங்கு என் மனைவியின் பையையே பார்த்துக்கொண்டு கூட வந்தது. அதில் புளிச்சோறு இருந்தது.

படிகள் தொடங்கியதும் நான் அவனுக்குப் பின்னால் ஒரு படி கீழே நின்றுகொண்டேன். அவன் ஏற ஏற நானும் ஏறினேன். என் இரண்டு கைகளும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. அவன்தான் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாப்பா, கோழி புடிக்கிறியா?"

கையை மடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவை திரும்ப நீண்டிருக்க வேண்டும். "ஏங்க, நீங்க முன்னால வாங்க. அவன் பாட்டுக்கு வரட்டும்," என்றாள் என் மனைவி. முன்னால் போயும் இரண்டு படிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அதில் நான்தான் இரண்டுமுறை தடுக்கினேன்.

அவனுடைய ஏற்றம் ஒழுங்காக இருந்தது. இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த படி. பக்கத்துச் சுவரில்கூடக் கை வைக்கவில்லை. சுவரைப் பிடிப்பது பந்தயக் கணக்கில் சேராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றான். கற்படிகள் சில இடத்தில் முழங்கால் உயரம் இருந்தன. யானையும் குதிரையும் ஏறுவதற்குக் கட்டினார்களா, மனிதர் ஏறக் கூடாது என்று கட்டினார்களா என்று கேட்டேன். "ஏறக் கூடாதுன்னுதான். கோட்டைன்னா பின்ன?" என்றான்.

வழியில் ஓர் அம்மன் கோயில் வந்தது. சின்னக் கோயில். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கையைக் கூப்பி நின்றாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவள்.

"ஃபாதர்கிட்ட சொல்லிடுவேன்," என்றான் மகன்.

"சொல்லேன். பையனுக்குக் கால் சரியாவணும்னு ஒரு அம்மாகிட்ட இன்னொரு அம்மா சொல்லிச்சுன்னு சொல்லு."

அவன் அடுத்த படியில் இடது காலை வைத்தான்.

கோயிலைத் தாண்டி, ஒரு வாசலுக்குள் நுழைந்து, பெரும் பாறைக்குப் பின்னால் படி திரும்பியது. அதுவரை காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வேர்வை காயக் காயத்தான் ஏறிக்கொண்டிருந்தோம். திரும்பியதும் அது நின்றுவிட்டது. விளக்கை அணைத்ததுபோல. உடம்பைச் சூடு வந்து மூடியது.

நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம். மேற்கே மேகம் கொஞ்சம் கறுத்துத்தான் கிடந்தது.

உப்பளத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பகல் நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கும் காற்று திடீரென்று நின்று புழுங்கினால் எங்களுக்கு அது மழை. வாரி வைத்த உப்பு கரைந்துபோகும். சோற்றில் கை வைத்திருப்பவர்கள்கூட அப்படியே எழுந்து ஓடுவார்கள். ஓலையும் தார்ப்பாயும் எடுத்து அம்பாரத்தை மூடுவதற்குள் முதல் துளி விழுந்துவிடும். என் மனைவிக்கு இந்த ஓட்டம் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழக்கம். எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பழகியது. மகன் அரைக்கால் சட்டையோடு ஓலையை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான்.

"காத்து நின்னுடுச்சு," என்றாள். "மழ வருது. எறங்குங்க."

கல் நனைந்தால் வழுக்கும். வழுக்கினால் அந்தக் கால் என்னாகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அவன் மேலே பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். காற்று விஷயத்தில் அவள் சொல் எங்கள் வீட்டில் கடைசிச் சொல். கீழ்ப்பக்கம் திரும்பினான். அவன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. யார் தோற்றார்கள் என்று இல்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம். மழை வந்துவிட்டதே, என்ன செய்வது.

எதிரே திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர், மருமகள், இரண்டு பேத்திகள். என் மனைவி அவர்களையும் விடவில்லை. மழ வருதுங்க, குழந்தைங்கள வெச்சுக்கினு ஏறாதீங்க என்று சொன்னாள். அவள் சொன்ன தினுசில் அவர்களும் பயந்து எங்களோடு இறங்க ஆரம்பித்தார்கள். பேத்திகளில் ஒருத்தி அழுதாள். அம்மன் கோயிலையும் தாண்டி வெகுதூரம் கீழே வந்துவிட்டோம். மகன் ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

ஒரு வளைவு திரும்பியதும் என் மனைவியின் முந்தானை எழுந்து பறந்து என் முகத்தில் அடித்தது. அதே காற்று. அதே வேகம். கீழே வயலில் தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அவை ஆடாமல் நின்ற நேரமே இல்லை போலிருந்தது.

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தாள். எங்கள் ஊரில் காற்றை மறைக்க ஒன்றுமே கிடையாது. கடலிலிருந்து கிளம்பினால் உப்புப் பாத்திகள் மேல் தடையில்லாமல் வரும். நின்றால் தானாகத்தான் நிற்க வேண்டும். ஒரு பாறை குறுக்கே நின்று காற்றை நிறுத்தும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குமே தெரியவில்லை. பாடத்தில் படித்தவன்தான்.

"மலை மறச்சிருக்குதுடா," என்றாள், மகனைப் பார்த்து, மிகவும் மெதுவாக.

அந்தப் பெரியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். மரக்காணம் என்றேன். உப்பு ஊரா என்றார். ஆமாம் என்றேன்.

"மழ வந்தா நீங்க கரைவீங்க, சரி. எங்களை எதுக்கும்மா எறக்கனீங்க?"

முதலில் சிரித்தது என் மகன். படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேத்திகள் சிரித்தார்கள், பெரியவர் சிரித்தார், என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஒன்றும் சொல்லாமல் இடது காலைத் தூக்கி மேல்படியில் வைத்தான்.

ஏற்கனவே ஏறி இறங்கிய தூரத்தை மறுபடியும் ஏற வேண்டும். அது எங்களால் வந்தது. வீணாக ஏறியதையும் பந்தயக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், இதோடு போதும் என்று சொல்ல வாய் வந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவுக்கு மேல் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் எதிரி யாரும் உள்ளே வர முடியாதாம். பாலத்தின் நடுவில் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தட்டையான ஊரில் வாழ்ந்தவன் நான். பின்னால் நகர்ந்து பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டேன். நீ இங்கேயே இருப்பா, நாங்கள் போய்விட்டு வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். அவள் அவன் பின்னால் போனாள். இருவரும் வாசலுக்குள் மறைந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அங்கே நின்றதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேலேயிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காற்றுச் சத்தம் மட்டும்தான். பிளவுக்குள் ஒரு செடி முளைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போது பார்த்த பெரியவரும் குடும்பமும் என்னைத் தாண்டிப் போனார்கள். பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

போன் அடித்தது. அவன் பெயர்.

எடுப்பதற்குள் இரண்டுமுறை தவறாகத் தேய்த்துவிட்டேன். அலோ என்றேன்.

"அப்பா, மேல வந்துட்டேன்," என்றான். மூச்சு வாங்கியது. "பெரிய களஞ்சியம் இருக்குது, கோயில் இருக்குது, பீரங்கி ஒண்ணு இருக்குது. சுத்திலும் மலைப்பா. ஏரியெல்லாம் தெரியுது. நம்ம கடல் தெரியுதான்னு பாத்தேன். தெரியல."

"கால்?"

"இருக்குது."

பின்னால் அவன் அம்மா, புளிச்சோற்றைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லுவது கேட்டது. அந்த போன் பேச்சு முடிந்து வெகுநேரம் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

இறங்கும்போது பாலத்தைத் தாண்டி வந்ததுமே அவன் முகம் வெளுத்திருந்தது. ஒவ்வொரு படியிலும் வலது கால் தரையைத் தொட்டதும் தொடை நடுங்கியது பேன்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. என் கைகள் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அங்கேயே வைத்திருப்பதுதான் அன்று நான் செய்த பெரிய வேலை. உதவட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதத்தில் ஒருநாள் அவன் குளியலறையில் விழுந்துவிட்டான். வெளியே ஹாலில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. தானே பக்கெட்டைப் பிடித்து எழுந்து, வழக்கம்போல் வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்தான். முழங்கை வீங்கியிருந்ததை இரண்டு நாள் கழித்து அவன் அம்மாதான் கண்டுபிடித்தாள். சென்னையை நினைத்து நான் பயந்தது ரோட்டையும் வேன்களையும் மட்டும் அல்ல. அங்கே விழுந்தாலும் இவன் யாரையும் கூப்பிட மாட்டான். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் அதைச் சொல்லத் தெரியாமல்தான் ஒரு வருடம், ஒரு வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் மேலே அவன் நின்றான். அடுத்த படி உயரமாக இருந்தது. காலைத் தூக்கினான், வைக்கவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டான். கீழே இன்னும் நிறையப் படிகள் தெரிந்தன. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அப்பா," என்றான். "தோளக் குடு."

நான் ஒரு படி கீழே இறங்கி முதுகைக் காட்டி நின்றேன். அவன் கை வந்து விழுந்தது. ஆளின் பாதிப் பாரம் அதில் இருந்தது.

நாலைந்து படி போனதும், "தோத்துட்டேன்ல," என்றான். அழுகிற குரல் இல்லை. கணக்கு முடிந்தது என்று சொல்கிற குரல்.

"திங்கக்கெழம எந்த பஸ்ஸுக்கு போற?" என்று கேட்டேன்.

அவன் நின்றுவிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவான். பின்னால் என் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"புடிச்சுக்கினுதான எறங்கறேன்ப்பா."

"புடிச்சுக்கினதாலதான்டா."

அவனுக்கு அது புரிந்ததா என்று தெரியாது. நான் விளக்கவும் இல்லை. மெதுவாக இறங்கினோம். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். ஓரிடத்தில் அவனே உட்காரலாமா என்று கேட்டான். ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்ன ஆச்சு தம்பி என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறந்து மூடினான். அம்மாதான் பதில் சொன்னாள்.

கீழே வந்ததும் வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவரிடம் அவள் வாங்கப் போனாள். நாங்கள் புளியமரத்து நிழலில் நின்றோம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவன் நின்றே இருந்தான், கையை என் தோளிலிருந்து எடுக்காமல். விடுதியில் அவன் அறை எந்த மாடி என்று கேட்டேன். மூன்றாவது என்றான். லிஃப்ட் இருக்கிறதா என்றேன். இல்லை என்றான். கீழே அறை கேட்டால் தருவார்களா என்று கேட்க நினைத்து, கேட்காமல் இருந்தேன்.

அவன் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இன்னொரு கையால் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, காதில் வைத்தான்.

"சார், வணக்கம் சார்," என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொன்னான். அந்தப் பக்கம் விடுதி வார்டன் ஏதோ கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"ஆமாம் சார், ஆக்சிடென்ட். கால்ல ராடு வெச்சிருக்காங்க. ஏறிடுவேன் சார், எறங்கறதுதான் கஷ்டமா இருக்குது. கீழ ரூம் ஏதாவது கெடைக்குமா?"

வார்டன் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய வெள்ளரிப்பிஞ்சோடு வந்த என் மனைவி, அவன் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். சரிங்க சார், சரிங்க சார் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். என் தோளில் அவன் கை ஒருமுறை அழுந்தி, பிறகு கொஞ்சம் லேசானது.